பழனி மலையிலிருந்து ஒரு மாயக்கதை: எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?

மேல்மலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதைப் புத்தகம் வாசிக்கிறோம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை வருவார்கள். அண்மையில் ஆளுக்கொரு மாயக்கதை எழுதச் சொன்னேன். கோட்டை வந்தது, இளவரசி வந்தாள், மந்திரக்கோல் வந்தது, கூரையெல்லாம் வெண்பனி கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே பூண்டுப் பாத்திகள் படிப்படியாக இறங்குகின்றன. அதற்குக் கீழே சோலை. முந்தைய இரவு காட்டுமாடு நின்றுவிட்டுப் போன குளம்புத் தடம் வாசல் மண்ணிலேயே இருந்தது. இவற்றில் ஒன்றுகூட யாருடைய தாளிலும் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். மாயம் என்றால் அது வேறெங்கோ நடப்பது என்றுதான் அவர்கள் கைக்குக் கிடைத்த புத்தகங்கள் சொல்லியிருக்கின்றன.

எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நெடுங்கதை எழுத ஆசைப்படுகிறேன். இளவரசிக்கு வள்ளி என்று பெயர் வைத்து, கோட்டையைத் தூக்கிவிட்டு மலையுச்சியை வைத்தால் அது நம் மலைக் கதை ஆகிவிடாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருக்கிறது. மாயம் இந்த மண்ணிலிருந்தே முளைக்க வேண்டும். அதை எங்கே தேடுவது? இன்னொரு கேள்வியும் உண்டு. பழனி மலையில் பளியர், புலையர் இருக்கிறார்கள். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ள கதைகளை நான் எடுத்து எழுதலாமா? எழுதிய அனுபவம் உள்ளவர்களும், மலையில் பிறந்து வளர்ந்தவர்களும் மனம்விட்டுச் சொல்லுங்கள்.


தாண்டிக்குடி ஆசிரியர் எழுதியது:

அம்மா, நல்ல வேலையைத் தொடங்கியிருக்கிறீர்கள். தேட அதிக தூரம் போக வேண்டாம். குறிஞ்சியிலிருந்து தொடங்குங்கள்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 1994இல் பூத்தது, 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அடுத்தது 2030. இதை எல்லாரும் பொது அறிவுக் கேள்விக்கு விடையாக மனப்பாடம் செய்கிறார்கள். கதைக்காரர் இதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். 2019இல் பிறந்த பிள்ளை அந்த மலர்ச்சியை முதன்முதலாகப் பார்க்கும்போது அதற்குப் பதினொரு வயது ஆகியிருக்கும். அதுவரை அது கேள்விப்பட்ட விஷயம் மட்டுமே. பெரியவர்கள் சொல்வதை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அதைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. ஒரு சரிவில் உள்ள செடிகள் எல்லாம் ஒரே காலத்தில் பூத்து, விதைத்து, சேர்ந்தே செத்துவிடுகின்றன. பிறகு முளைப்பது புதுத் தலைமுறை. எனவே எந்தக் குறிஞ்சிச் செடியும் தன் தாய் பூத்ததைப் பார்த்ததில்லை. அந்தத் தேனைக் குடித்த தேனீயும் அடுத்த மலர்ச்சிவரை உயிரோடு இருப்பதில்லை. அப்படியென்றால் போன முறை மலை நீலமானது யாருக்கு நினைவிருக்கிறது? மனிதருக்கு. அதிலும் வயதானவர்களுக்கு. தங்கள் வயதையே குறிஞ்சி பூத்த கணக்கில் சொன்ன பெரியவர்கள் இந்த மலையில் இருந்தார்கள். மலை தன் நினைவைப் பாட்டிகளிடம் கொடுத்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மந்திரக்கோல் எதற்கு?


இரவுக்கதை எழுதியது:

ஐயா, "எந்தச் செடியும் தன் தாய் பூத்ததைப் பார்த்ததில்லை" என்ற வரியை இன்று இரவே என் மகளிடம் சொல்லப் போகிறேன். என்ன கேட்கிறாள் என்று வந்து எழுதுகிறேன்.


வரையாடு எழுதியது:

நான் காட்டுப் பக்கம் நடக்கிறவன், கதை எழுதத் தெரியாது. ஆனால் சின்ன வயதிலிருந்து என்னை விடாமல் பிடித்திருக்கும் ஒரு புதிரைச் சொல்கிறேன்.

சோலையின் விளிம்பில் நின்று பாருங்கள். மலை மடிப்புக்குள் மரங்கள் நெருக்கமாக நிற்கும். பாசி படிந்த கிளை, கிளையில் தொற்றிய ஆர்க்கிட், காலடியில் ஈரமண். ஓர் அடி வெளியே வைத்தால் புல்வெளி, ஒரு மரம் கிடையாது. காட்டுப் பூவரசு மட்டும் அங்கங்கே தைரியமாகப் புல்லுக்குள் நின்று சிவப்பாகப் பூக்கும். மற்ற மரங்கள் ஏன் மடிப்பை விட்டு வெளியே வரவில்லை? டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளி சூட்டைச் சட்டென்று இழந்துவிடும், உறைபனி படியும், அங்கே முளைத்த சோலைக் கன்று கருகிவிடும் என்பது ஒரு விளக்கம். தீயும் காரணம் என்பார்கள். ஆய்வாளர்கள் இதை இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் கதையில் இதற்கு மூன்றாவது விளக்கம் ஒன்று இருக்கட்டும். சோலைக்கும் புல்லுக்கும் இடையே பழைய உடன்படிக்கை. எல்லை தாண்டும் கன்றை இரவில் வந்து யாரோ தொட்டுப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் வெளியே நிற்க அனுமதி. அது ஏன் என்பதே ஓர் அத்தியாயம் ஆகும். புல்வெளியைப் பெருமையாகக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெறும் புல், தரிசு என்று நினைத்துத்தான் அதன் மேல் தைலமரத்தையும், சீகை என்று இங்கே சொல்லும் வாட்டில் மரத்தையும், பைனையும் நட்டார்கள். மழையை வாங்கி மெல்ல விடுவதில் சோலைக்கு உள்ள பங்கு புல்லுக்கும் உண்டு. வரையாட்டுக்கு வீடும் அதுதான்.


வத்தலக்குண்டு வாசகன் எழுதியது:

எல்லாம் அருமையாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு கவலை. பேச்சு போகிற போக்கைப் பார்த்தால் சுற்றுச்சூழல் பாடம் ஒன்று கதை வேடம் போட்டுக்கொண்டு வரும்போல் தெரிகிறது. பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்து மூடிவைத்துவிடுவார்கள். கதை என்றால் நெஞ்சு படபடக்க வேண்டும். போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்ள வேண்டும்.

மலையில் பயத்துக்கா பஞ்சம்? பேரிஜம் ஏரிக்குப் போகும் வழியில் மதிகெட்டான் சோலை இருக்கிறது. உள்ளே போனவன் புத்தி கலங்கி வழி தெரியாமல் அலைவான் என்று ஊரே சொல்கிறது. கொடைக்கானல் ஏரி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக அதன் அடியில் தூங்கும் ஒரு நீர்த்தேவதையை வையுங்கள். நீலகிரிப் பக்கம் போனால் இன்னும் அள்ளலாம். தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வரிசையாக வெளியே கொண்டுவர, கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டே முதல் தோடர் வெளியே வந்தார் என்று ஒரு கதை இருக்கிறது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் இதையெல்லாம் 1906இலேயே அச்சில் போட்டுவிட்டார். இப்படி ஓர் ஆரம்பம் உலகில் எந்தக் கதைக்கு வாய்க்கும்? வில்லனுக்கும் கவலை இல்லை. மந்திரம் தெரிந்த குறும்பர் ஒருவரைக் காட்டுக்குள் உட்காரவைத்தால் போதும். கற்பனைக்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.


ஹட்டிமகள் எழுதியது:

வத்தலக்குண்டு அண்ணா, நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு படுகர் ஹட்டியைச் சேர்ந்தவள். ஹட்டி என்றால் எங்கள் மொழியில் ஊர். உங்கள் கடைசி யோசனையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கோபத்தில் எழுதவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

குறும்பர் என்றால் மந்திரவாதி என்ற பேச்சு நீலகிரியில் வெறும் கதையாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் மாடு செத்தாலும் பிள்ளை நோயில் விழுந்தாலும் குறும்பர் வைத்த சூனியம் என்று சொல்லி, அவர்கள் குடியிருப்பில் புகுந்து குடும்பம் குடும்பமாகக் கொன்ற நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கொன்றவர்களில் என் சமூகத்தவரும் இருந்தார்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறார்கள். உங்கள் புத்தகத்தை ஆசிரியை வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது, மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பி யாரைப் பார்ப்பார்கள்? தேன் எடுக்கப் பாறையில் நூலேணி கட்டி இறங்கும் குறும்பரின் திறமையை வைத்து எழுதுங்கள், பாறையில் அவர்கள் தீட்டும் ஓவியத்தை வைத்து எழுதுங்கள். சூனியக்காரன் மட்டும் வேண்டாம்.

தோடர் கதைக்கு வருகிறேன். அது அழகான கதைதான். ஆனால் தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த எருமை இன்றும் புனிதம், பால் மனை இன்றும் கோயில். எப்போதோ ஒருவர் வந்து கேட்டு எழுதி அச்சில் போட்டுவிட்டார் என்பதால் அது கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் ஆகிவிடாது. எங்கள் ஹெத்தையம்மனை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவள் தெய்வம், அதற்கும் முன்னால் பாட்டி. டிசம்பர் கடைசியில், ஜனவரியில் பேரகணியில் திருவிழா நடக்கும்போது வெள்ளை உடுத்திக்கொண்டு ஊர் ஊராக நடந்து போய் வணங்குகிறோம். நாளை ஒரு சிறுவர் கதையில் அவள் மந்திரக் குடுவையோடு வந்து நகைச்சுவை செய்தால் என் அம்மா அழுதுவிடுவார்.


வத்தலக்குண்டு வாசகன் எழுதியது:

தங்கையே, குறும்பர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த யோசனை போகட்டும், இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

ஆனால் தெய்வத்தைத் தொடக்கூடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் கதை என்ன? அருணகிரிநாதர் அங்கே படுத்துத் தூங்குகிறார். ராட்சசி ஒருத்தி அவரைக் கொல்ல வருகிறாள். முருகன் குழந்தையாகி அவர் மேல் ஏறி விளையாடுகிறான். காவித் துணியையும் குழந்தையையும் பார்த்த ராட்சசி, யாரோ தாயும் பிள்ளையும் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் போய்விடுகிறாள். இதைவிடச் சிறந்த குழந்தைக் கதை உண்டா? கொல்ல வந்தவள்கூடத் தாயையும் பிள்ளையையும் தொடவில்லை பாருங்கள். இதைச் சொன்னவர்கள் யாரிடமாவது அனுமதி கேட்டார்களா? பிள்ளையாரை வைத்து நம் பாட்டிகள் எத்தனை வேடிக்கைக் கதை சொன்னார்கள்? தெய்வம் கதைக்குள் வந்து விளையாடுவது நம் மரபு. அதைப் பூட்டி வைத்தால் மரபுதான் வற்றும்.


தாண்டிக்குடி ஆசிரியர் எழுதியது:

தம்பி, பூம்பாறைக் கதையைச் சொன்னதற்கு உங்களுக்கு நன்றி. என் வகுப்பில் நான் பலமுறை சொன்ன கதை அது. ஆனால் அதைச் சொன்னது யார் என்று பாருங்கள். அந்த வேலப்பரைக் கும்பிடுகிறவர்களே சொன்னார்கள். பிள்ளையாரைக் கேலி செய்த பாட்டி மறுநாள் காலையில் அவருக்கே கொழுக்கட்டை படைத்தாள். அவளுக்கு அந்த உரிமை உறவால் வந்தது. தவறாகச் சொன்னால் திருத்த அவளைச் சுற்றி ஊரே இருந்தது. முருகனைப் பற்றி ஒரு புத்தகம் தப்பாக வந்தால் மறுப்புச் சொல்ல நூறு புத்தகம் வரும். தோடர் தெய்வத்தைப் பற்றி வெளியார் எழுதிய ஒரு சிறுவர் நூல் தப்பாக இருந்தால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தோடரைப் பற்றிப் படிக்கும் ஒரே புத்தகம் அதுவாகவே இருந்துவிடும்.

ஆகவே, அம்மா, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். உங்களுக்கு உறவுள்ளதை உரிமையோடு எடுத்து விளையாடுங்கள். உறவில்லாததைப் போய்க் கேளுங்கள். கேட்பது என்றால் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது அல்ல. இந்தக் கதையை யார் சொல்லலாம், எந்தக் காலத்தில் சொல்லலாம், எதைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது என்று கேட்க வேண்டும். சில கதைகளைச் சாவு வீட்டில் மட்டும்தான் பாடுவார்கள். சொல்ல வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். சொன்னால், சொன்னவர் பெயர் அட்டையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வர வேண்டும், வருவாயிலும் பங்கு போக வேண்டும். எழுதி முடித்ததை அச்சுக்கு முன் அவர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.

உறவுள்ளதே நமக்கு மலையளவு இருக்கிறது. இந்த மலைநாடு ஆவியர் குடியைச் சேர்ந்த பேகனுடையது. சங்கப் பாட்டில் பொதினி என்று வரும் ஊர்தான் இன்றைய பழனி. குளிரில் நடுங்குகிறது என்று எண்ணி மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் அவன். பெரியவர்கள் அதைக் கொடைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "அந்தப் போர்வையை மயில் என்ன செய்தது ஐயா?" என்று கேட்டான். அன்று வகுப்பு முழுவதும் அதிலேயே போனது. மயில் அடிவாரப் பறவை. மேல்மலைக் குளிர் அதற்கு ஒத்துவராது. ஆனால் போர்வை கிடைத்துவிட்டதே, இனி மேலே ஏறிப் பார்க்கலாம் அல்லவா என்று இன்னொருவன் சொன்னான்.

சங்கப் பாடல்களில் மலையில் உலவும் வரையரமகளிர் வருகிறார்கள், சூரரமகளிர் வருகிறார்கள். அழகும் அச்சமும் ஒரே உருவத்தில் நிற்கும் பெண்கள். சிறகு வைத்த குட்டித் தேவதையை இறக்குமதி செய்கிறவர்கள் இவர்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலும் பண்ணைக்காட்டிலும் கற்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியது. பெருங்கற்காலத்தவர் இறந்தோர் நினைவாக எழுப்பியவை. உள்ளே ஆள் நிமிர முடியாது என்பதால் குள்ளர் வீடு என்று மக்கள் சொல்வார்கள். குள்ளர்களைக் கதைக்குள் தாராளமாகக் குடிவையுங்கள். ஆனால் புதையல் மட்டும் வைத்துவிடாதீர்கள். புதையல் ஆசையில் தோண்டித்தான் பல திட்டைகள் சரிந்து கிடக்கின்றன.


கோட்டோவியம் எழுதியது:

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். எழுத்தாளர்கள் பேசாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

மலைக் கதை என்று வந்தால் உச்சியில் வெண்பனி மூடிய முக்கோண மலையைக் கேட்கிறார்கள். பழனி மலைக்கு முக்கோணம் கிடையாது. மேலே போனால் மேடும் பள்ளமுமாக உருண்ட முதுகுகள்தான், ஓரத்துக்கு வந்தால் மட்டும் செங்குத்தாக அறுத்துக்கொண்டு போகும். பழங்குடிப் பிள்ளை என்றால் இலை ஆடை கேட்கிறார்கள். பளியர் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்து ரெட்டைப் பின்னல் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். கறுப்பும் சிவப்பும் நூலால் தோடர் பெண்கள் சால்வையில் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சால்வையைக் கொண்டுவந்து கொடைக்கானல் பாட்டிக்குப் போர்த்தச் சொல்கிறார்கள். மலை என்றால் எல்லாம் ஒன்று என்ற நினைப்பு. உங்கள் கதையில் பிள்ளை காதை மூடும் குல்லாவும், முழங்கை நைந்த ஸ்வெட்டரும் போட்டிருக்கட்டும். கன்னம் பனியில் வெடித்திருக்கட்டும். வீட்டுக்குத் தகரக் கூரை இருக்கட்டும். மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது, அதனாலேயே கதை சொல்லும் பாட்டி வாயைக் காதருகே கொண்டுவர வேண்டியிருக்கும்.

மூடுபனியை வரைவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. வரையாமல் விடுவதே அந்த வேலை. தாளை வெள்ளையாக விட்டுவிட்டு, ஒரு வேலிக்கம்பு, அதில் சிலந்தி வலை, வலை முழுக்க நீர்த்துளி. வலை வெயிலில் கண்ணுக்கே தெரியாது. பனி இறங்கிய காலையில் வேலி நெடுக நூற்றுக்கணக்கில் தெரியும். மூடுபனி மறைக்கிறது என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அது காட்டிக்கொடுப்பதும் உண்டு. உங்கள் மாயத்துக்கு ஒரு விதி வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வெயிலில் தெரியாதவை எல்லாம் பனியில் தெரியும்.


வரையாடு எழுதியது:

கோட்டோவியம், அந்த விதியைப் படித்ததும் இன்று காலை நடையே மாறிவிட்டது. வேலி வேலியாக நின்று பார்த்தேன்.

விட்டுப்போன இரண்டைச் சொல்கிறேன். வத்தலக்குண்டு நண்பர் ஏரியில் ஆயிரம் ஆண்டுத் தேவதையைக் கேட்டார். கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓடைகளை மறித்துக் கட்டியது. அதற்கு முன் அங்கே சதுப்பு நிலம். ஆகவே அந்தத் தேவதைக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. சோலையில் உள்ளவர்கள் கணக்கில் அவள் கைக்குழந்தை. ஓடையாக ஓடித் திரிந்தவளை ஒரே இடத்தில் உட்கார் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு எவ்வளவு கோபம் இருக்கும், எவ்வளவு விளையாட்டு இருக்கும்! கிழட்டுத் தேவதையைவிட இவளை எனக்குப் பிடிக்கிறது.

அடுத்தது வில்லன். அந்நிய மரங்களை வில்லனாக்கலாம் என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். சீகை புல்வெளியைத் தின்றது உண்மை. ஆனால் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து வருவதையும் இந்த மலையில் பார்க்கலாம். பறவை பழத்தைத் தின்று எச்சமிட்ட இடத்தில் விதை நிழல் தேடி எழுகிறது. மரத்தை யாரோ கொண்டுவந்து நட்டார்கள், அது தானாக வரவில்லை. உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வந்ததுதான், அதை நாம் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம். தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்றே தெரியாத, யாரும் பேசாத ஒரு சீகை மரம் உங்கள் கதையில் வந்தால் பிள்ளைகள் அதைக் கட்டிக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இருப்பார்கள் அல்லவா?


மேல்மலைவாசி எழுதியது:

இருக்கிறார்கள். தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று தமிழே இங்கே வந்துதான் கற்றுக்கொண்டது. சீகை மரத்தை அந்தப் பிள்ளைக்காகவே வைக்கிறேன்.

உங்கள் எல்லாருடைய எழுத்தையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஐயா சொன்னபடி எனக்கு உறவுள்ளதை மட்டும் வைத்துத் தொடங்கப் போகிறேன். குறிஞ்சி, சோலை, பூம்பாறை, பேகனின் போர்வை, சூரரமகளிர். பளியர் குடும்பம் ஒன்று கதையில் வரும், அண்டை வீட்டாராக, பெயரும் குறும்பும் உள்ள பிள்ளைகளோடு வரும். அவர்கள் வழிபாட்டைத் தொடமாட்டேன். எனக்குத் தெரிந்த பளியர் அக்கா ஒருவரிடம் அந்தப் பகுதிகளை வாசித்துக் காட்டக் கேட்டிருக்கிறேன். வரச்சொல்லியிருக்கிறார்.

ஆனால் இன்னும் எனக்குக் கதை கிடைக்கவில்லை. அழகழகான துண்டுகள் இருக்கின்றன. வத்தலக்குண்டு அண்ணன் கேட்ட படபடப்பு அவற்றில் இல்லை. அவர் கேட்டது நியாயம். ஒரு பிள்ளை எதையாவது இழந்துவிடுவோமோ என்று பயப்பட்டால்தான் பக்கம் புரளும்.


இரவுக்கதை எழுதியது:

வந்துவிட்டேன். மகளிடம் குறிஞ்சிக் கதையைச் சொன்னேன். செடிக்கும் நினைவில்லை, தேனீக்கும் நினைவில்லை, பாட்டிகளுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது என்று சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் படுத்திருந்தாள். பிறகு, "பாட்டி மறந்துபோனால் என்னம்மா ஆகும்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் என் மாமியாருக்கு மறதி தொடங்கியிருக்கிறது. சில நாள் இவளையே பெயர் மாற்றிக் கூப்பிடுகிறார். எனக்குப் பதில் வரவில்லை.


வத்தலக்குண்டு வாசகன் எழுதியது:

அம்மா, உங்கள் மகள் கதையைக் கொடுத்துவிட்டாள்.

மலையின் நினைவு முழுவதும் ஒரு பாட்டியிடம் இருக்கிறது. அவர் மதிகெட்டான் சோலைக்குள் போய்விடுகிறார். உள்ளே போகிறவரின் நினைவை வாங்கிக்கொள்ளும் சோலை அது. 2030 நெருங்குகிறது. யாருக்குமே நினைவில்லை என்றால் குறிஞ்சி எப்போது பூப்பது என்று எப்படித் தெரிந்துகொள்ளும்? பேத்தி உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் அவள் நினைவும் போகும், எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிடுவாள். இதைப் படிக்கிற பிள்ளை போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்ளாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். வில்லன்கூடத் தேவையில்லை.


தாண்டிக்குடி ஆசிரியர் எழுதியது:

தம்பி, கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சோலையைக் கெட்டதாகக் காட்டாதீர்கள், அம்மா. அது நினைவுகளைத் தின்கிறது என்று வேண்டாம். மழையை வாங்கி வைத்து ஓடையாகத் திருப்பித் தருவதுதான் சோலையின் வேலை. நினைவையும் அப்படியே வாங்கி வைத்திருக்கட்டும். பேத்தி அதைத் திருப்பிக் கேட்கிற முறையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அவளுடைய வீரம். பேகனின் போர்வையை யார் தலையில் போடுவது, பனியில் எது தெரியப்போகிறது என்பதெல்லாம் அந்த வழியிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. பாட்டிக்கு முழு நினைவும் திரும்பிவிட்டது என்று முடிக்க வேண்டாம். இரவுக்கதை அம்மாவின் வீட்டில் அப்படி நடக்கப் போவதில்லை, அந்தக் குழந்தைக்கு நாம் பொய் சொல்லக்கூடாது. பாட்டி சொன்னது இப்போது பேத்தியிடம் இருக்கிறது என்ற அளவில் நிறுத்துங்கள்.


ஹட்டிமகள் எழுதியது:

ஐயா சொன்ன முடிவுதான் சரி. மேல்மலை அக்கா, எழுதத் தொடங்கியதும் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள். என் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவு நேர்மை. எங்கள் பக்கத்துச் சிறுவர் விடுகதைகள் சில உண்டு, தெய்வச் சம்பந்தம் இல்லாதவை. சோலை பேத்தியிடம் விடுகதை போட வேண்டும் என்றால் அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.


மேல்மலைவாசி எழுதியது:

இரவுக்கதை அம்மா, உங்கள் மகள் கேட்ட கேள்வியைக் கதையின் முதல் வரியாக வைக்க உங்கள் அனுமதியும் அவள் அனுமதியும் வேண்டும். ஹட்டிமகள், விடுகதைகளை உங்கள் அம்மா சரி என்றால் மட்டும் அனுப்புங்கள், அவர் பெயரோடு. இன்று தொடங்கியதை இங்கே போடுகிறேன். தயங்காமல் திருத்துங்கள்.

"பாட்டி மறந்துபோனால் என்ன ஆகும்?" என்று செல்வி கேட்டாள். பாட்டி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உரித்த பல்லைக் கிண்ணத்தில் போடாமல் தோலோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டார். செல்வி அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்த பல்லும் கூடைக்குப் போனது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. "மறந்தால்," என்றார் பாட்டி அவள் காதருகே வந்து, "சோலையில் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். ஆனால் போகிறவள் தன் பெயரை வாசலிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும்."


இரவுக்கதை எழுதியது:

மகளிடம் கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டாள். செல்வி தன் பெயரை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவாள் என்று இப்போதே தெரிய வேண்டுமாம். நான் சீகை மரமாக இருக்கும் என்றேன். அவள் ஏற்கவில்லை, ஏரியில் இருக்கும் குட்டித் தேவதையிடம்தான் என்கிறாள். கொடுத்த பெயரை அந்தத் தேவதை திருப்பித் தர மாட்டாளாம், அதனால்தான் பயமாக இருக்குமாம். அடுத்த பகுதியை விரைவில் எழுதுங்கள், எங்களுக்கு இரவுக்கு வேறு கதை இல்லை.